மணிக் கணக்கில் ஒரு பட்டம்

மளிகைக் கடைக்காரர் நீளமான நோட்டில் எழுதிக்கொள்கிறாரே, அந்தக் 'கிரெடிட்' நமக்கு நன்றாகத் தெரியும். 'கடன் அன்பை முறிக்கும்' என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டுதான் அதையும் எழுதுவார். கல்லூரியில் வழங்கும் கிரெடிட் வேறு சங்கதி. கடையில் வாங்கினால் அது நம் கடன்; கல்லூரியில் வாங்கினால் அது நம் சொத்து. மனோதத்துவத்தில் பி.ஏ. சேரப்போகும் பெண்ணை 'என்ன படிக்கப் போகிறாய், அம்மா?' என்று கேட்டுப் பாருங்கள். 'மேஜருக்கு 60, மைனருக்கு 24, எல்லாம் சேர்த்து 120 வேண்டும்' என்று நிலம் வாங்குகிறவர் சென்ட் கணக்குச் சொல்வது போலச் சொல்லுவாள். தகப்பனார் தலையை ஆட்டுவார். புரிந்து ஆட்டுகிறாரா என்பது வேறு விஷயம்.

மனித மனத்தைப் பற்றிப் படித்து முடிக்க 120 எதற்கு? நூறு போதாதா? அல்லது இருநூறு வேண்டாமா? மனத்தையே ஆராய்கிற சாஸ்திரம் அது. கற்பது எப்படி, மறப்பது எப்படி என்பதை ஆராய்வது அதன் வேலைகளில் ஒன்று. ஆகவே அந்த சாஸ்திரக்காரர்கள்தாம் யோசித்து இந்த எண்ணைச் சொல்லியிருப்பார்கள் என்று யாருக்கும் தோன்றும். அவர்கள் சொல்லவில்லை. ஒரு ரசாயன வாத்தியார், ஒரு வானசாஸ்திரி, ஓர் இரும்பு வியாபாரி, ஓர் எஞ்சினியர் ஆகிய நாலு பேர் வழியாக இந்தக் கணக்கு வந்து சேர்ந்தது. நடுவிலே கிழ வாத்தியார்களின் பென்ஷன் விவகாரம் ஒன்றும் இருக்கிறது. கதை அமெரிக்காவில் நடக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கக் கல்லூரிகளில் படிப்பு என்பது கல்யாணப் பந்தி மாதிரி. இலை போட்டு வரிசையாக உட்கார்ந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே பரிமாறல். லத்தீன், கிரேக்கம், கணிதம். பிறகு கொஞ்சம் இயற்கை சாஸ்திரம். கடைசி வருஷத்தில் பாயசம் மாதிரி 'மானச தத்துவம்', 'நீதி தத்துவம்' என்று கொஞ்சம். அதைக் கல்லூரித் தலைவரே, பெரும்பாலும் ஒரு பாதிரியார், தம் கையால் பரிமாறுவார். பிடிக்கவில்லை என்று இலையில் ஒதுக்க முடியாது. வேறு வேண்டும் என்று கேட்கவும் முடியாது. பந்தியில் யாராவது பில் கொடுப்பார்களா? இல்லை. அதனால் அந்தக் காலத்தில் கிரெடிட் என்ற பேச்சே எழவில்லை. நாலு வருஷம் இருந்தான், எல்லோரும் படித்ததைப் படித்தான், பட்டம் வாங்கினான். தீர்ந்தது.

பந்தியை ஹோட்டலாக மாற்றியவர் சார்ல்ஸ் எலியட். 1869-ல் ஹார்வர்ட் கல்லூரியின் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தபோது அவருக்கு வயது 35. ரசாயன வாத்தியார்; பாதிரியார் அல்ல. முகத்தின் ஒரு பக்கத்தில் பெரிய சிவந்த மச்சம். பிறவியிலிருந்தே இருந்தது. அந்த முகத்தோடு நாற்பது வருஷம், 1909 வரை, அசையாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கட்சி எளிமையானது: மாணவன் தனக்கு வேண்டிய பாடத்தைத் தானே தேர்ந்தெடுக்கட்டும். ஒரேயடியாகச் செய்தால் கலகம் வரும் என்று தெரிந்தவர். ஆகவே மேலிருந்து கீழாக ஒவ்வொரு படியாக வந்தார். 1872-ல் நாலாம் வருஷத்துக்காரர்களுக்குக் கட்டாயப் பாடம் போயிற்று. 1879-ல் மூன்றாம் வருஷம். 1884-ல் இரண்டாம் வருஷம். நூற்றாண்டு முடிவதற்குள் முதல் வருஷத்திலும் இங்கிலீஷ் கட்டுரைப் பாடம் தவிர ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை.

ஹோட்டலில் ஆளுக்கு ஒன்று கேட்டால் பில் போட்டுத்தானே ஆக வேண்டும்? ஒருவன் கிரேக்கம் கேட்கிறான், ஒருவன் தாவர சாஸ்திரம் கேட்கிறான், ஒருவன் சரித்திரம். நாலு வருஷம் கழித்து மூவருக்கும் ஒரே பட்டம். மூவரும் சம அளவு சாப்பிட்டார்கள் என்று எப்படித் தெரியும்? ருசியை ஒப்பிட முடியாது. தட்டை எண்ணலாம். இப்படித்தான் பாடங்களை எண்ணும் வழக்கம் புகுந்தது.

இந்த ஹோட்டல் திறந்திராவிட்டால் மனோதத்துவம் என்ற பாடம் கல்லூரிக்குள் வந்திருக்காது என்பது என் அபிப்பிராயம். பந்தியில் புதுப் பண்டத்துக்கு இடம் ஏது?

எலியட் ரசாயனம் சொல்லிக்கொடுத்த காலத்தில் அவரிடம் 1861-ல் ஒரு பையன் படித்தான். பெயர் வில்லியம் ஜேம்ஸ். ரசாயனத்தில் அவனுக்கு மனம் நிற்கவில்லை. அதற்கு முன் சித்திரம் எழுதப் பழகி அதை விட்டிருந்தான். பிறகு வைத்தியம் படித்து 1869-ல் பட்டம் வாங்கினான். ஒரு நாளும் வைத்தியம் பார்க்கவில்லை. உடம்பு சரியில்லை, மனமும் சரியில்லை, இன்னது செய்வதென்று தெரியவில்லை. நம் ஊராக இருந்தால் 'ஒன்றிலும் தேறாத பிள்ளை' என்று அத்தைமார்கள் தீர்ப்பு எழுதியிருப்பார்கள். எலியட் அவரைக் கூப்பிட்டு உடற்கூறு சொல்லித்தர வைத்தார். 1875-ல் ஜேம்ஸ், உடலியலுக்கும் மனோதத்துவத்துக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி ஒரு பாடம் நடத்த ஆரம்பித்தார். அமெரிக்காவில் புதிய மனோதத்துவம் கல்லூரிப் பாடமாக நுழைந்தது அப்படித்தான். தாம் முதன்முதலில் கேட்ட மனோதத்துவப் பிரசங்கம் தாமே செய்ததுதான் என்று பிற்காலத்தில் அவர் வேடிக்கையாகச் சொன்னதுண்டு. அதாவது, அந்தச் சாஸ்திரத்தில் அவர் வாங்கியிருந்த கிரெடிட் பூஜ்யம்.

1878-ல், இரண்டே வருஷத்தில் எழுதித் தருகிறேன் என்று ஒரு பிரசுரகர்த்தரிடம் மனோதத்துவப் புத்தகம் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டார். பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. (தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு இதைக் கேட்க எவ்வளவு ஆறுதலாக இருக்கும்!) 1890-ல் இரண்டு பெரிய வால்யூம்களாக வந்தது. அதில் ஞாபக சக்தியைப் பற்றிய அத்தியாயத்தில் ஒரு சின்னப் பரிசோதனை இருக்கிறது. பின்னால் நமக்கு வேண்டியிருப்பதால் சற்று நின்று பார்க்கலாம்.

லத்தீனும் கிரேக்கமும் எதற்கு என்று கேட்டால் பழைய வாத்தியார்கள் சொன்ன பதில்: 'அவை புத்திக்குக் கசரத்து. தண்டால் எடுத்தால் தோள் எல்லா வேலைக்கும் வலுவாகிற மாதிரி, லத்தீன் மனப்பாடம் செய்தால் ஞாபகம் எல்லாவற்றுக்கும் வலுவாகும்.' ஜேம்ஸ் இதைச் சோதிக்க நினைத்தார். விக்டர் ஹ்யூகோவின் கவிதை ஒன்றில் 158 அடிகளை மனப்பாடம் செய்தார். எட்டு நாளில், மொத்தம் ஏறக்குறைய 132 நிமிஷம் ஆயிற்று. பிறகு கசரத்து: மில்டனின் 'சொர்க்க நீக்க'த்தின் முதல் காண்டம் முழுவதையும் தினம் இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடவாக, 38 நாள் உருப்போட்டார். அதன்பின் ஹ்யூகோவின் அதே கவிதையில் இன்னொரு 158 அடி. ஞாபக சக்தி வலுத்திருந்தால் நேரம் குறைய வேண்டும். ஆனதோ 151½ நிமிஷம். வேறு வேலைகளால் தாம் களைத்திருந்ததாக அவரே நேர்மையாக எழுதுகிறார். வேறு சிலரையும் வைத்துச் சோதித்துப் பார்த்தார். மொத்தத்தில் தண்டால் கதை ஆட்டம் கண்டுவிட்டது. 1901-ல் அவருடைய மாணவர் எட்வர்ட் தார்ண்டைக், உட்வொர்த் என்பவரோடு சேர்ந்து நடத்திய சோதனைகள் அதைக் கீழேயே தள்ளிவிட்டன. ஒரு விஷயத்தில் செய்த பயிற்சி இன்னொரு விஷயத்துக்கு மிகச் சொற்பமாகத்தான் உதவுகிறது என்று அவர்கள் கண்டார்கள்.

இதன் விளைவைக் கவனியுங்கள். லத்தீனுக்குத் தனி மகிமை இல்லையென்றால், ஒரு மணி லத்தீனும் ஒரு மணி மனோதத்துவமும் ஒன்றுதானே? எலியட் இதை முன்னாலேயே சொல்லியிருந்தார். 1893-ல் அவர் தலைமையில் 'பத்துப் பேர் கமிட்டி' உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. சமமான நேரம், சமமான அக்கறையோடு கற்பித்தால் பாடங்கள் சமமான மதிப்புள்ளவை என்பது அதன் உள்கருத்து. ஜாதி ஒழிப்பு மாதிரி ஒரு காரியம் இது. கிரேக்கம் உயர்ந்த குலம், பொருளாதாரம் தாழ்ந்த குலம் என்பதெல்லாம் போயிற்று. ஒரு வருஷம் முன்னதாக, 1892-ல், சிகாகோவில் திறந்த புதிய சர்வகலாசாலை சமூக இயலுக்கென்றே ஒரு துறையை ஆல்பியன் ஸ்மால் என்பவர் தலைமையில் வைத்தது. அமெரிக்காவில் அதுவே முதல். பழைய பந்தியில் சமூக இயல் என்று ஒன்றைக் கேட்டிருந்தால் பரிசாரகன் சிரித்திருப்பான். மணிக் கணக்கு வந்ததால்தான் அரசியல், பொருளாதாரம், சமூக இயல், மனோதத்துவம் என்ற இந்தப் புதுக் குடிகளுக்கெல்லாம் ஊருக்குள் மனை கிடைத்தது. இதை மறந்துவிட்டுக் கிரெடிட்டைத் திட்டுகிறவர்களோடு எனக்குச் சம்மதமில்லை.

ஆனால் மனையை அளக்கும் சங்கிலி இன்னும் ஊருக்கு ஊர் வேறாகத்தான் இருந்தது. அதை ஒன்றாக்கியது பென்ஷன்.

ஆண்ட்ரூ கார்னகி இரும்பில் பணம் பண்ணியவர். 1890-ல் கார்னெல் சர்வகலாசாலையின் தர்மகர்த்தாக்களில் ஒருவரானபோது பேராசிரியர்களின் சம்பளப் பட்டியலைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனார். தம் கம்பெனிக் குமாஸ்தாக்களே அதைவிட அதிகம் வாங்கினார்கள். இந்தச் சம்பளத்தில் முதுமைக்கு என்ன மிச்சம் பிடிக்க முடியும்? தள்ளாத வயதிலும் வகுப்புக்கு வந்து இருமிக்கொண்டு நிற்பார்கள். போகச் சொல்லவும் கல்லூரிக்கு மனம் வராது. 1905-ல் கார்னகி ஒரு கோடி டாலரைத் தூக்கிக் கொடுத்தார். கல்லூரி வாத்தியார்களுக்கு, அவர்கள் கையிலிருந்து ஒரு காசும் பிடிக்காமல், பென்ஷன். அதை நிர்வகிக்க ஒரு ஸ்தாபனம். அதன் தலைவர் ஹென்றி பிரிட்செட். வானசாஸ்திரி, அரசாங்கத்தின் கடற்கரை அளவை இலாகாவில் தலைமை வகித்தவர். எதையும் அளந்து பார்க்காமல் விடுகிற மனிதர் அல்ல. தர்மகர்த்தாக்கள் சபைக்குத் தலைவர் யார் என்கிறீர்கள்? நம் எலியட்தான்.

அன்னதானத்துக்கு ஒரு சங்கடம் உண்டு. வருகிறவர்கள் எல்லோரும் பசித்தவர்கள்தாமா என்று பார்க்க வேண்டும். அன்றைய அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் 'கல்லூரி' என்று பலகை மாட்டலாம். சில கல்லூரிகள் நம் ஊர் ஹைஸ்கூலுக்குச் சமம்; சில அதுவும் இல்லை. ஆகவே பிரிட்செட் ஒரு வரையறை செய்தார். கல்லூரி என்றால் குறைந்தது ஆறு முழுநேரப் பேராசிரியர்கள் வேண்டும். நாலு வருஷப் படிப்பு வேண்டும். ஒரு மதப் பிரிவின் கட்டுப்பாட்டில் இருக்கக் கூடாது. சேர்கிற மாணவன் உயர்நிலைப் பள்ளியில் 14 'யூனிட்' படித்திருக்க வேண்டும். யூனிட் என்றால் ஒரு பாடத்தை ஒரு பள்ளி வருஷம் முழுவதும், வாரத்தில் ஐந்து நாள் படிப்பது. மணியாகச் சொன்னால் 120. (இந்த 120-ம் கல்லூரிப் பட்டத்தின் 120-ம் வேறு வேறு. பெயர் ஒற்றுமை உள்ள இரண்டு கிருஷ்ணசாமிகள் மாதிரி.)

பென்ஷன் என்ற சொல்லுக்கு உள்ள சக்தி ஆயிரம் பிரசங்கங்களுக்கு இல்லை. பல தலைமுறையாகச் சபையின் சொத்தாக இருந்த கல்லூரிகள் சில, சட்டதிட்டங்களைத் திருத்திச் சபையோடு உறவை அறுத்துக்கொண்டன. பக்தர்கள் கண்ணீர் விட்டார்கள். பள்ளிக்கூடங்கள் பாடங்களை யூனிட்டுக்குத் தக்கபடி வெட்டித் தைத்துக்கொண்டன. பென்ஷனுக்குத் தகுதியில்லாத கல்லூரிகள்கூட, தகுதியில்லை என்று பெயர் வரக்கூடாதே என்று அதே சங்கிலியை வாங்கின. இவ்வளவும் எந்தச் சட்டசபையும் சட்டம் போடாமல் நடந்தது!

பிறகு எஞ்சினியர் வந்தார். தொழிற்சாலையில் ஒவ்வோர் அசைவையும் கடிகாரம் வைத்து அளந்த பிரெடரிக் டெய்லரின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். அவருடைய சிஷ்யர் மாரிஸ் குக். பிரிட்செட்டின் வேண்டுகோளின்படி அவர் எட்டுக் கல்லூரிகளின் பௌதிகத் துறைகளைச் சுற்றிப் பார்த்து 1910-ல் அறிக்கை எழுதினார். கல்லூரி என்ன உற்பத்தி செய்கிறது, என்ன விலைக்கு, என்பதுதான் அவருக்குக் கேள்வி. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட அளவு 'மாணவ மணி': ஒரு மாணவன், ஒரு மணி நேரம், பிரசங்கமோ ஆராய்ச்சிசாலையோ. ஐம்பது பேர் உட்கார்ந்த வகுப்பு ஒரு மணி நடந்தால் ஐம்பது மாணவ மணி. பேராசிரியரின் சம்பளம், கட்டட வாடகை, நிலக்கரிச் செலவு எல்லாவற்றையும் இதால் வகுத்தால் விலை கிடைத்துவிடும். எந்தக் கட்டடம் எத்தனை மணி பூட்டிக் கிடக்கிறது என்பதைக்கூட அவர் பார்த்தார். பிள்ளைகளுக்கு ஏதாவது புரிந்ததா என்பது அவர் இலாகா அல்ல.

பேராசிரியர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியின் தலைவர் மக்லாரின் ஒரு கிண்டல் எழுதினார். கட்டட மேற்பார்வையாளர் ஒருவர் ஐசக் நியூட்டனைப் பார்க்க வருகிறார். புவியீர்ப்புத் தத்துவம் ஏன் இன்னும் முடியவில்லை என்று அதட்டுகிறார். வருகிற திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் ஒரே பக்கத்தில் டைப் அடித்து, முக்கியமான இடங்களில் அடிக்கோடிட்டு, மாணவ மணிக்கு என்ன செலவு என்ற மதிப்பீட்டோடு வந்து சேர வேண்டும் என்கிறார். ஒரு சிக்கல் பதினாலு வருஷமாகப் பிடிபடவில்லை என்று நியூட்டன் தயங்குகிறார். திங்களுக்குள் பிடிபடாவிட்டால் வேலையை விட்டுப் போகலாம் என்று பதில் வருகிறது. படித்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஆனால் நிலைத்தது குக்கின் மாணவ மணிதான், கிண்டல் அல்ல. கிண்டலைக் கொண்டு பட்ஜெட் போட முடியாதல்லவா?

இனி 120 எப்படி வருகிறது என்பது சின்னக் கணக்கு. வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு மூன்று வகுப்பு: பதினைந்து மணி. ஒரு செமஸ்டருக்கு 15 கிரெடிட். வருஷத்துக்கு 30. நாலு வருஷத்துக்கு 120. பின்னே ஒன்றும் இல்லை! சாஸ்திரமும் இல்லை, சூத்திரமும் இல்லை. ஒரு வாலிபன் ஒரு நாளில் மூன்று வகுப்புக்குமேல் தாங்க மாட்டான் என்ற அனுபவம் மட்டும் இருக்கிறது. வகுப்பில் ஒரு மணிக்கு வீட்டில் இரண்டு மணி உழைப்பும் சேர்த்தி என்று வாய்மொழியாக இருந்ததை அமெரிக்க மத்திய அரசாங்கம் 2010-ல் விதியாகவே எழுதி வைத்தது. வாலிபர்கள் அந்த இரண்டு மணியை எங்கே கழிக்கிறார்கள் என்று விதி கேட்பதில்லை.

இந்த 120-ல் மனோதத்துவத்துக்கு எவ்வளவு, மற்றதற்கு எவ்வளவு என்று பங்கு பிரித்த பெருமை எலியட்டுக்குப் பின் ஹார்வர்டுக்குத் தலைவரான லாரன்ஸ் லோவலைச் சேரும். அவர் அரசியல் சாஸ்திரப் பேராசிரியர். சமூக சாஸ்திரக்காரர் என்றே வைத்துக்கொள்ளலாம். எலியட்டின் ஹோட்டலில் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று அவர் பார்த்தார். காலையில் எழுந்திருக்க வேண்டாத வகுப்பு, மாடிப்படி ஏற வேண்டாத வகுப்பு, வாத்தியார் சாதுவாக இருக்கும் வகுப்பு என்று பொறுக்கி நாலு வருஷமும் பாயசமாகவே சாப்பிட்டவர்கள் பலர். 1910-ல் லோவல் புது விதி செய்தார். பட்டத்துக்கு வேண்டிய பதினாறு பாடங்களில் ஆறு ஒரே துறையில். ஆறு மற்றத் துறைகளில் பரவலாக. பாக்கி நாலு இஷ்டம்போல. ஒன்றில் ஆழம், பலவற்றில் அகலம். இன்றைக்கு உலகத்தில் பாதிக் கல்லூரிகளின் கையேட்டில் இருக்கும் 'மேஜர்', 'பொதுப் பாடம்' என்ற சட்டகம் இதன் பேரப்பிள்ளை. அமெரிக்காவில் மனோதத்துவ மாணவன் 120-ல் சுமார் 30, 40 வரை தன் துறையில் எடுப்பது வழக்கம். அறிமுகப் பாடம், புள்ளிவிவரம், பரிசோதனை முறை இவை மூன்றும் அநேகமாகத் தப்பாது. புள்ளிவிவரம் என்றதும் அங்கேயும் முகம் வாடுகிறதாம். மனிதர்களைப் புரிந்துகொள்ளலாம் என்று ஆசையாக வந்தவர்களுக்கு முதலில் கிடைப்பது சராசரியும் திட்ட விலக்கமும்!

கலகக்காரர்களும் இருந்தார்கள். ஸ்வார்த்மோர் என்ற சின்னக் கல்லூரியில் பிராங்க் ஐடலாட் 1922-ல், தேர்ந்த மாணவர்கள் கடைசி இரண்டு வருஷம் சிறு குழுக்களாகப் படித்து, வெளியார் வந்து நடத்தும் பரீட்சையில் தேறினால் போதும் என்று வைத்தார். சிகாகோவில் ராபர்ட் ஹச்சின்ஸ் முப்பதாவது வயதில் தலைவரானவர். 1931-ல் அவருடைய சர்வகலாசாலை இளநிலைப் படிப்பில் கிரெடிட்டையே தூக்கி எறிந்தது. வகுப்புக்கு வந்தாலும் வராவிட்டாலும் சரி. தயார் என்று தோன்றும்போது பெரிய பரீட்சையில் உட்காரலாம். அந்தப் பரீட்சைகளைச் செய்யும் பொறுப்பை ஏற்றவர் தர்ஸ்டன் என்ற மனோதத்துவப் பேராசிரியர். கடைசியில் மனோதத்துவக்காரரிடம் அளவுகோல் வந்து சேர்ந்தது என்று சந்தோஷப்படலாம். ஆனால் ஹச்சின்ஸ் 1951-ல் போனபின் அந்த ஏற்பாடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. மற்றக் கல்லூரிகளிலிருந்து வரும் பையன்களும், மற்றக் கல்லூரிகளுக்குப் போகும் பையன்களும் கையில் கிரெடிட் சீட்டு கேட்டார்கள். எல்லோரும் ரூபாயில் வியாபாரம் செய்யும் சந்தையில் ஒருவர் மட்டும் பண்டமாற்று நடத்தினால் எத்தனை நாள் ஓடும்?

வேடிக்கை என்னவென்றால், மணிக் கணக்கைக் கடுமையாகக் குற்றம் சாட்டிய ஆராய்ச்சியை வெளியிட்டதே அந்தப் பென்ஷன் ஸ்தாபனம்தான். பென்ஸில்வேனியா மாகாணத்துக் கல்லூரி மாணவர்களை 1928 முதல் பரீட்சித்து, லெர்னட், வுட் என்ற இருவர் 1938-ல் புத்தகம் போட்டார்கள். நாலு வருஷம் படித்துக் கிரெடிட் முழுவதும் வாங்கியவர்களில் கணிசமானவர்களுக்கு, இரண்டு வருஷம் படித்தவர்களுக்குத் தெரிந்த அளவுகூடத் தெரியவில்லை. சிலருக்கு உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குத் தெரிந்தது தெரியவில்லை. மரக்கால் நிறைந்துவிட்டது, உள்ளே நெல்லா பதரா என்று பார்த்தால் இரண்டும் இருந்தது. புத்தகத்தைப் பாராட்டினார்கள். மரக்காலை மாற்றவில்லை. 2015-லும் அதே ஸ்தாபனம் ஒரு நூற்றாண்டுக்குப் பின் தன் யூனிட்டைத் திரும்ப ஆராய்ந்து, குறை உண்டு, ஆனாலும் இதற்குப் பதில் கொண்டுவருவது எளிதல்ல என்று முடித்தது. இடையில் அந்த இலவசப் பென்ஷன் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? கார்னகியின் கோடியும் போதவில்லை. 1918-லேயே, வாத்தியாரும் பணம் கட்டும் இன்ஷூரன்ஸ் ஏற்பாடு ஒன்றை வேறாக ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. காரணம் போய்விட்டது, காரியம் மட்டும் நிற்கிறது.

நம் தேசத்துக்கு வருவோம். 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை சர்வகலாசாலைகளை லண்டன் மாதிரியில் ஏற்படுத்தினார்கள். லண்டன் மாதிரி என்றால் பரீட்சைதான் கடவுள். எத்தனை மணி உட்கார்ந்தாய் என்பதல்ல, அந்த மூன்று மணியில் என்ன எழுதினாய் என்பதுதான் கேள்வி. மனோதத்துவம் அந்தக் கோயிலுக்குள்தான் வந்தது. 1916-ல் கல்கத்தாவில் பரிசோதனை மனோதத்துவத் துறையைத் தொடங்கிய நரேந்திரநாத் சென்குப்தா, ஜேம்ஸின் ஹார்வர்டில் படித்துத் திரும்பியவர். சென்னையில் 1943-ல் போவாஸ் தலைமையில் துறை வந்தது. ஹார்வர்டிலிருந்து சாஸ்திரத்தை இறக்குமதி செய்தார்கள்; கிரெடிட்டை இறக்குமதி செய்யவில்லை.

அதன் பலன் 'பி.ஏ. பெயில்'. நம் நாவல்களில் அந்தப் பாத்திரத்துக்குப் பஞ்சமே கிடையாது. மூன்று வருஷம் படித்து, ஒரு பேப்பரில் நாலு மார்க்கில் தவறி, கையில் ஒன்றும் இல்லாமல் திண்ணைக்கு வந்து சேர்ந்தவன். பெயர்ப்பலகையில் 'பி.ஏ. பெயில்' என்று போட்டுக்கொண்டவர்களைக் கேலி செய்வார்கள். எனக்கு அதில் கேலி தெரியவில்லை. நான் இவ்வளவு தூரம் நடந்தேன் என்று ஊருக்குச் சொல்ல அந்த மனிதனுக்கு வேறு வழி எது? அமெரிக்காவில் பிறந்திருந்தால் அவன் பையில் 110 கிரெடிட் இருந்திருக்கும். பாக்கிப் பத்தை எப்போதாவது வாங்கியிருப்பான். பரீட்சைதான் உண்மையான அளவு, மணிக் கணக்கு அற்பம் என்று ஹச்சின்ஸ் பேசியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் திண்ணைக்காரன் நினைவு வருகிறான்.

கிரெடிட் நம்மிடம் வந்தது மனோதத்துவத்தின் கதவு வழியாக அல்ல. 1960-ல் அமெரிக்க மாதிரியில் தொடங்கிய பந்த்நகர் விவசாய சர்வகலாசாலை போன்றவையும், அமெரிக்க உதவி பெற்ற கான்பூர் தொழில்நுட்பக் கழகமும் முதலில் அந்த வழியில் போயின. கலைக் கல்லூரிகளுக்கு அது மெதுவாக ஊர்ந்து வந்தது. 2015-ல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்கும் விருப்பப் பாடக் கிரெடிட் முறையை வகுத்தது. 2021-ல் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்க ஒரு பாங்கியே ஏற்படுத்தியது. 2022 டிசம்பரில் வந்த சட்டகத்தில் மூன்று வருஷப் பட்டத்துக்கு 120, நாலு வருஷத்துக்கு 160. பிரிட்செட்டின் நாட்டில் நாலு வருஷத்துக்கு ஆன எண் இங்கே மூன்று வருஷத்துக்கு ஆகியிருக்கிறது. நம் பிள்ளைகள் மேல் நமக்கு எப்போதுமே நம்பிக்கை அதிகம்! ஒரு வருஷத்தோடு நின்றவர்களுக்கு, 40 கிரெடிட்டும் ஒரு சின்னத் தொழிற்பாடமும் முடித்திருந்தால், ஒரு சான்றிதழ். இரண்டு வருஷத்தோடு நின்றால் டிப்ளமா. மூன்று வருஷத்துக்குள் திரும்பி வரலாம். ஏழு வருஷத்துக்குள் முடித்தாக வேண்டும். கல்யாணம் என்றும், தகப்பனாருக்கு உடம்பு என்றும் நடுவில் படிப்பு நின்றுபோன பெண்கள் எத்தனை பேர் என்று எல்லோருக்கும் தெரியும். அவர்களில் யார் திரும்பி வரப்போகிறார்கள் என்பது கிரெடிட்டின் கையில் இல்லை; மாமியார் கையில் இருக்கிறது. வந்தால் கணக்கு அவள் பேரில் இருக்கும். அது சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்தச் சட்டகத்தில் இன்னொரு விதி. பிரசங்க வகுப்புக்கு 15 மணி கேட்டால் ஒரு கிரெடிட். ஆராய்ச்சிசாலை வேலைக்கு 30 மணி செய்தால்தான் ஒரு கிரெடிட். ஆகவே மனோதத்துவம் படிக்கும் பெண், தோழியை எதிரே உட்கார வைத்துக் கையில் கடிகாரத்தோடு அர்த்தமில்லாத அசைகளைச் சொல்லச் சொல்லி ஞாபகத்தைச் சோதிக்கும் நேரம், சும்மா உட்கார்ந்து கேட்கும் நேரத்தில் பாதி விலைதான் பெறும். வில்லியம் ஜேம்ஸின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ஹ்யூகோவுக்கு முதலில் 132 நிமிஷம், மில்டனுக்கு நாளொன்றுக்கு இருபது வீதம் 38 நாள், மறுபடி ஹ்யூகோவுக்கு 151½. மொத்தம் பதினேழரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. லத்தீனை அசைத்த அந்தச் சோதனைக்கு இன்றைய விதிப்படி அரைக் கிரெடிட்டும் சில்லறையும் கொடுப்பார்கள்.